முன்பாரம் பார்த்து மாட்டுங்கள்

குரோம்பேட்டை, பல்லாவரம், சிட்லப்பாக்கம், தாம்பரம் பக்கம் பிக்கப் வைத்திருக்கும், அதன் பின்னால் ஒரு சின்ன கேரவனை மாட்டிக்கொண்டு ஊர் சுற்ற ஆசைப்படும் நண்பர்களுக்கு,



உங்களில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "நம்ம வண்டி இழுக்குமா?" இழுக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸின் 1.9 லிட்டர் டீசல் இன்ஜினுக்கு 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. டொயோட்டா ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் என்றால் 500 நியூட்டன் மீட்டர். முக்கால் டன் பெட்டி இவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. பொலிரோ கேம்பரில் கம்பியும் சிமெண்டும் ஏற்றிப் பழகிய கான்ட்ராக்டர் நண்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. நிறுத்தினால் நிற்குமா? நேராக வருமா? ஆர்.டி.ஓ. நிறுத்தினால் காட்டக் காகிதம் இருக்கிறதா? இந்த மூன்றையும் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வண்டியை வண்டி இழுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. விடிகாலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பாருங்கள். கான்கிரீட் போடப் போகும் கலவை மிஷினை ஒரு 'குட்டி யானை' மினி லாரி இழுத்துக்கொண்டு போகும். மிஷினுக்குப் பின்விளக்கு கிடையாது. கொக்கியில் செருகிய பின்னுக்குப் பதில் ஒரு கம்பித் துண்டு இருக்கும். டிரம்மின் மேல் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ரோடு போடும் இடங்களில் தார் பாய்லரும் கம்ப்ரஸரும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. வட மாவட்டங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் இரவில் விளக்கில்லாமல் நிற்பதும், அதில் போய் மோதுவதும் ஆண்டுதோறும் பேப்பரில் வருகிற செய்தி. நாம் இழுவையைக் கற்றுக்கொண்டது இந்தப் பள்ளிக்கூடத்தில். மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிற வரை அந்தப் படிப்பு ஒப்பேறும். நீங்கள் போகப்போவதோ செங்கல்பட்டைத் தாண்டி எண்பதில்.

முதலில் ஒரு எண்ணை மறந்துவிடுங்கள்: 3,500 கிலோ. ஆஸ்திரேலியாவில் இருக்கும் மச்சான் சொல்லியிருப்பார், "இதே டி-மேக்ஸ், இங்கே மூன்றரை டன் இழுக்குது" என்று. அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்த எண் அந்த நாட்டில் சோதித்து ஒப்புதல் பெற்ற இணைப்புக்கும், தனியாக பிரேக் உள்ள டிரெய்லருக்கும் உரியது. அங்கேயே வண்டியில் முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு பின்னால் முழு மூன்றரை டன்னும் மாட்ட முடியாது. இரண்டும் சேர்ந்த மொத்த எடைக்குத் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் இழுவை பற்றி என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. எதுவும் போடவில்லையென்றால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். ஷோரூம் தம்பி வாயால் சொன்னது போதாது.

இனி எடைக்கு வருவோம். இரண்டு சக்கர டிரெய்லரை எப்படி ஏற்ற வேண்டும் என்பது நம் தாத்தாக்களுக்கு அத்துப்படி. மாட்டு வண்டியில் நெல் மூட்டை அடுக்குகிறவர் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் அடுக்குவார். பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பாரம் மிஞ்சினால் கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரம், அதுதான் கணக்கு. கேரவனுக்கும் அதே கணக்குதான். அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியில் உட்கார வேண்டும் என்கிறார்கள். பிரிட்டனில் 5 முதல் 7 போதும் என்கிறார்கள். அங்கே கேரவன்கள் இலகுவானவை, கார்கள் சின்னவை. பிக்கப் வைத்திருப்பவர்கள் பத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம், கொக்கியும் வண்டியும் அதைத் தாங்கும் என்று எழுத்தில் இருந்தால். 700 கிலோ டிரெய்லருக்கு 70 கிலோ.

இந்த 70 கிலோ எங்கே போகிறது? உங்கள் பிக்கப்பின் பாரக் கணக்கில் சேர்கிறது. அதுவும் பின் அச்சுக்கு நாலடி பின்னால் தொங்குவதால், பின் சக்கரத்தில் 70க்கும் மேலே ஏறி, முன் சக்கரத்தில் கொஞ்சம் குறையும். ஸ்டீயரிங் லேசாக இருப்பது போலத் தோன்றினால் அது சொகுசு இல்லை, முன் டயர் ரோட்டைப் பிடிக்கவில்லை. இதற்கு மெக்கானிக் சொல்லும் உடனடி வைத்தியம் "பட்டை கூட்டிடலாம் சார்." ஸ்பிரிங் பட்டை கூட்டினால் வண்டியின் பின்புறம் நிமிர்ந்து நிற்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் கம்பெனி கொடுத்த பார வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

டிரெய்லருக்குள் என்ன ஏறுகிறது என்று உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். காலிப் பெட்டி 550 கிலோ, ஏற்றக்கூடிய மொத்தம் 750 என்று வைத்துக்கொள்வோம். இருநூறு கிலோ கையில் இருக்கிறது, தாராளம் என்று தோன்றும். 60 லிட்டர் தண்ணீர் டேங்க், 60 கிலோ. குடிக்க இரண்டு 20 லிட்டர் கேன், 40 கிலோ. 150 ஏ.எச். டியூபுலர் பாட்டரி ஒன்று, ஐம்பதைத் தாண்டும். நூற்றைம்பது முடிந்தது. இன்னும் சிலிண்டர், அடுப்பு, மெத்தை, மடக்கு நாற்காலி, நாலு பேர் துணிமணி, எங்கே போனாலும் நம் வீட்டார் விடாமல் எடுத்துவரும் இட்லிப் பானை எதையும் ஏற்றவில்லை. ஏ.சி. மாட்டச் சொன்னவர்கள் எந்தக் கணக்கில் சொன்னார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. கனமானவை எல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு இருக்க வேண்டும். ஸ்டெப்னியையும் தண்ணீர் டேங்கையும் பெட்டியின் வாலில் தொங்கவிட்டுத் தருகிற பாடி கட்டுபவர்கள் இருக்கிறார்கள். படத்தில் நன்றாக இருக்கும். அப்படிக் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

எடை போடுவது பெரிய வேலை இல்லை. மணல் லாரியும் ஜல்லி லாரியும் எடை போடும் எடைமேடைகள் நம் சுற்றுவட்டாரத்தில் நிறைய உண்டு. எல்லாச் சாமானும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, டேங்கில் தண்ணீரோடு போங்கள். முதலில் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து மேடையில். அடுத்து, மாட்டியபடியே முன்னால் நகர்த்தி டிரெய்லர் சக்கரம் மட்டும் மேடையில். பிறகு கழற்றிவிட்டு பிக்கப் மட்டும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மாட்டிய நிலையில் பிக்கப் தாங்கும் எடை. அதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் முன்பாரம். லாரிக்கான மேடை ஐந்து, பத்து கிலோப் படிகளில்தான் காட்டும் என்பதால் முன்பாரத்தை வீட்டிலும் ஒருமுறை பாருங்கள். உடம்பு எடை பார்க்கும் மிஷினை ஒரு பலகை மேல் வைத்து, கொக்கி உயரத்துக்குச் சமமாக ஒரு கட்டையை நிறுத்தி, டிரெய்லரின் மூக்கை அதன் மேல் இறக்குங்கள். சக்கரத்துக்கு முட்டு கொடுத்த பிறகு.

ஏன் இவ்வளவு பாடு என்றால், ஆம்னி பஸ். இரவு பத்தரை மணிக்கு மதுராந்தகம் தாண்டி நீங்கள் எண்பதில் போய்க்கொண்டிருக்கும்போது கிளாம்பாக்கத்தில் கிளம்பிய பஸ் ஒன்று வலது பக்கம் ஏறி வரும். அதன் முகத்தில் திரண்ட காற்று முதலில் டிரெய்லரின் வாலை இடப்பக்கம் தள்ளும். பஸ் பாதி கடந்ததும் அதே காற்று பெட்டியை பஸ் பக்கம் இழுக்கும். முன்பாரம் சரியாக இருந்தால் ஒரு சின்ன அசைவோடு அடங்கிவிடும். பின்பாரம் மிஞ்சியிருந்தால் வால் இடம் வலம் என்று ஆடத் தொடங்கும், ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். மூன்றாவது ஆட்டத்தில் பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து ஆடும். அப்போது கை தானாக ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கும், கால் பிரேக்கை மிதிக்கும். இரண்டும் ஆபத்து. செய்ய வேண்டியது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் இறங்கக் காத்திருப்பது. டிரெய்லருக்குத் தனி எலெக்ட்ரிக் பிரேக்கும் அதற்கொரு கைக் கருவியும் இருந்தால் அதை மட்டும் மெல்ல அழுத்தலாம். வேகத்தைக் கூட்டினால் ஆட்டம் நேராகிவிடும் என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஜெர்மனியில் அவ்வளவு நல்ல ரோட்டில்கூட காருக்குப் பின்னால் கேரவன் இருந்தால் பொதுவாக 80தான் உச்சம், தனி அனுமதி வாங்கினால் 100. திண்டிவனம் ரோட்டில் உங்களுக்கு 80 ஏராளம். ஈ.சி.ஆரில் கடற்காற்று குறுக்கே அடிக்கிற நாளில் அதையும் குறையுங்கள்.

பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை என்று விட்டிருக்கிறார்கள். இதைச் சாக்காக வைத்து "உங்களுக்கும் பிரேக் தேவையில்லை" என்பார்கள். கணக்குப் போடுங்கள். பிக்கப், ஆட்கள், சாமான் எல்லாம் 2,200 கிலோ. பின்னால் 750. பிக்கப்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது, பிரேக் மட்டும் அதே நாலு சக்கரத்தில். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் அடக்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காகிவிடும். இதோடு பெருங்களத்தூரில் ஒரு பைக் உங்கள் பம்பருக்கு முன்னால் செருகும், செருகாமல் இருக்காது. வளைவில் நீங்கள் மிதிக்க, பின்னாலிருக்கிற முக்கால் டன் நிற்காமல் தள்ள, பிக்கப்பும் டிரெய்லரும் கத்தி மடங்குவதுபோல் மடங்கும். ஆகவே, எடை எவ்வளவாக இருந்தாலும் பிரேக் உள்ள டிரெய்லரையே வாங்குங்கள். பெட்டி முன்னால் முட்டும்போது தானாகப் பிடிக்கிற ஓவர்ரன் பிரேக் போதும், பராமரிப்பும் குறைவு. கொக்கி கழன்றால் இழுபட்டு பிரேக்கைப் பிடிக்க வைக்கும் கேபிளும், இணைப்புக்கு அடியில் குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலியும் இல்லாமல் தெருமுனையைக்கூடத் தாண்டக் கூடாது. சங்கிலியைக் குறுக்காகப் போடுவது, கழன்ற மூக்கு ரோட்டில் குத்தாமல் தொட்டிலில் போல அதன் மேல் விழுவதற்கு.

நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்தை வெளிநாட்டு வீடியோக்களில் பார்க்க மாட்டீர்கள். குரோம்பேட்டை சிக்னலில் வண்டிகள் நின்றதும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிறவர்கள் எல்லாம் வண்டிகளுக்கு நடுவில் புகுந்து எதிர்ப்பக்கம் போவார்கள். உங்கள் பிக்கப்புக்கும் கேரவனுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் இருக்கிறது. அங்கே முழங்கால் உயரத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்த ஒரு இரும்புத் தண்டு. தோளில் ஸ்கூல் பையோடு ஒரு பிள்ளை அதைத் தாண்டக் கால் வைக்கிற நேரத்தில் பச்சை விழும். இதை நினைத்தாவது அந்தத் தண்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, மின்னும் பட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் சிவப்புத் துணியோ வலையோ கட்டுங்கள். சிக்னலில் நகர்த்துவதற்கு முன் பின்னால் இருப்பவர் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் இரண்டு கண்ணாடியையும் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் பகலில் இந்தப் பக்கமே வராமல் விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது காகிதம். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். இன்ஜின் இல்லை என்பதால் விதிவிலக்கு கிடையாது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2004ல் மத்திய அரசு வெளியிட்ட வாகனப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனும் டிரெய்லரும் போக்குவரத்து அல்லாத வாகனங்கள் என்ற பகுதியில் இருக்கின்றன. அதாவது வெள்ளை போர்டில் வைத்துக்கொள்ள சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் பட்டறையில் வெல்டிங் செய்து எடுத்துவந்த பெட்டியை எந்த ஆர்.டி.ஓ.வும் சும்மா பதிந்து தர மாட்டார். மாதிரிக்கு ஒப்புதல் பெற்ற தயாரிப்பா என்று கேட்பார். அந்த மாதிரிச் சோதனை செய்யும் மையங்களில் ஒன்றான ஜி.ஏ.ஆர்.சி. நமக்கு எட்டிய தூரத்தில், ஒரகடத்திலேயே இருக்கிறது. விற்பவரிடம் விலை கேட்பதற்கு முன் ஒப்புதல் சான்றைக் கேளுங்கள். தலையைச் சொறிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிக்கப்பில் கொக்கி மாட்டுவதும் லேசான சமாச்சாரம் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சேஸிஸில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு முடுக்கும் கொக்கிக்கும், சேஸிஸையே சூடாக்கி வெல்டிங் வைப்பதற்கும் நிறைய வித்தியாசம். உங்கள் வண்டி டி.என். 22ஓ டி.என். 11ஓ, அந்தந்த அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுதி வாங்குங்கள். காப்பீட்டிலும் டிரெய்லரைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். டிராக்டருக்கு பாலிசி இருந்து டிரெய்லருக்கு இல்லாமல் போனதால் விபத்துத் தீர்ப்பாயங்களில் அலைகிற விவசாயிகளின் கதை ஏராளம். அந்த வரிசையில் நீங்களும் போய் நிற்க வேண்டாம்.

மலைக்குப் போகிற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. ஏலகிரியில் 14 வளைவுகள், அளவான மலை, பழகியவர்களுக்குச் சரி. கொல்லிமலையின் 70 வளைவுகளை டிரெய்லரோடு நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அதுவும் நினைவிருக்கட்டும். ஏறுவது பெரிதில்லை, இறங்குவதுதான் சோதனை. எந்த கியரில் ஏறினீர்களோ அதற்கும் ஒன்று குறைத்து இறங்குங்கள். பிரேக் கருகும் வாடை வந்தால் ஓரம் கட்டி ஆற விடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சமவெளியிலும் மேல்மருவத்தூரில் டீ குடிக்க நிறுத்தும்போது டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் போகப்போகிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட்டையும் அங்கேயே ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள்.

இரவில் எங்கே நிறுத்துவது? கேரளம் 2021ல் தனியாக கேரவன் சுற்றுலாத் திட்டமே அறிவித்தது. நம் அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. கொள்கையில் இடம்பெற்றால் போதாது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் கொட்ட இடமும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குகிற வேலை உங்களைப் போன்றவர்களுடையது. அதுவரை ஏரிக்கரையில் கழிவைக் கொட்டிவிட்டு வராதீர்கள். சிட்லப்பாக்கம் ஏரிக்காகவும் செம்பாக்கம் ஏரிக்காகவும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய ஊர்க்காரர்கள் நாம், அடுத்த ஊர் ஏரியில் அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

ரிவர்ஸ் எடுப்பதைப் பழகாமல் கிளம்பாதீர்கள். ஸ்டீயரிங்கை இடம் ஒடித்தால் பெட்டியின் வால் வலம் போகும். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், சீக்கிரம் பிடிபடும். நியூ காலனித் தெருக்களில் இதைப் பழகாதீர்கள், தெருவில் உள்ளவர்கள் பொறுமைசாலிகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஆளில்லாத ஒரு லேஅவுட் போதும்.

இன்னொன்று தோன்றுகிறது. 1949ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி. தொடங்கியபோதே அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஆட்டோமொபைல் இன்ஜினீயரிங்கும் ஒன்று. நம் தெருவுக்கு எதிரிலேயே இருக்கிற கல்லூரி. அங்கே படித்து ஓய்வு பெற்றவர்கள் ராதா நகரிலும் அஸ்தினாபுரத்திலும் எத்தனையோ பேர் இருப்பார்கள். யூடியூபில் தேடுகிற நேரத்தில் அவர்களில் ஒருவரிடம் உங்கள் கொக்கியைக் காட்டிக் கேளுங்கள். காபியும் கிடைக்கும்.

புது வண்டி வாங்கியதும் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். கேரவன் வாங்குகிறவர்கள் அந்தப் படத்தோடு எடைமேடைச் சீட்டையும் சேர்த்துப் போடுங்கள்: மொத்த எடை, பிக்கப் எடை, டிரெய்லர் எடை, முன்பாரம் என்று நாலு எண். போடாதவரோடு யாரும் சேர்ந்து பயணம் கிளம்பாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் குரோம்பேட்டைக்காரன்